சீட்டு மேசையில் கடன் கிடையாது



சென்ற மாதக் கூட்டம் முடிந்து எழுந்தபோது இளைய உறுப்பினர் ஒருவர், "மனமகிழ் மன்றத்தில் சீட்டு ஆடுவது குற்றமா இல்லையா, ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே" என்று என்னிடம் கேட்டார். நின்றுகொண்டே சொல்லி முடிகிற விஷயம் அல்ல. ஏனாத்தூரில் அரிசி, பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நான் இருபது வருடத்துக்கு மேல் வாரம் ஒரு நாள் மன்றத்தில் ரம்மி ஆடியவன். சில வருடம் சீட்டு அறைப் பொறுப்பும் என்னிடம் இருந்தது. ஆடச் சொல்லி இதை எழுதவில்லை. ஆடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடனுக்குச் சரக்குப் போடுகிறவர்களும் நாம்தான்.

முதலில் சட்டம். சென்னை மாநகருக்கு 1888-ஆம் ஆண்டின் காவல் சட்டம். நம் பக்கத்துக்கு 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம். இடத்தை வைத்திருப்பவர் அங்கே நடக்கும் சூதாட்டத்தில் லாபம் பார்த்தால் அது சூதாட்ட விடுதி. திறமையால் ஆடும் ஆட்டங்களுக்கு அதே சட்டத்தின் 11-வது பிரிவு விலக்குத் தருகிறது. ரம்மி எதில் சேரும்? செகந்திராபாத்தில் ஒரு மன்றத்தில் போலீசார் சோதனை போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1967 நவம்பரில் தீர்ப்பானது. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும். ஆகவே ரம்மி மூன்று சீட்டைப் போல முழுக்க அதிர்ஷ்ட ஆட்டம் அல்ல என்றார்கள். மன்றம் அளவான கட்டணம் வாங்கலாம். நேரம் கடந்து உட்காருகிறவரிடம் கூடுதலும் வாங்கலாம், ஆட்களுக்கும் விளக்குக்கும் செலவு ஆகிறதே. ஆனால் பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து மன்றம் லாபம் எடுத்தால் குற்றம் குற்றமேதான்.

ஆகையால் புதிதாக ஓர் அறைக்குள் நுழைகிறவர் முதலில் சுவரைப் பார்க்க வேண்டும். விதிப் பலகை இருக்கிறதா? கட்டணம், மூடும் நேரம் எழுதியிருக்கிறதா? விதியைச் சுவரில் எழுதுவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 920-ஐ ஒட்டி, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். பலகை இல்லாத அறையில் நான் உட்கார்ந்ததில்லை.

மேசை விதிகளுக்கு வருவோம். ஆளுக்கு 13 சீட்டு. சீட்டு சரியில்லையென்று எடுக்குமுன் ஸ்கூட் விட்டால் 20, நடுவில் விட்டால் 40, மாட்டிக்கொண்டால் முழுக்கணக்கு 80. சேராத சீட்டை ஷோ என்று கவிழ்த்தாலும் 80. தெரியாமல் செய்துவிட்டேன் என்பது எடுபடாது. கட்டு எல்லோர் முன்னிலையிலும் பிரிக்கப்பட வேண்டும். ஒருவர் கலைத்தால் வேறொருவர் வெட்ட வேண்டும். ஸ்கூட் விட்டவர் வாய் திறக்கக் கூடாது. பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பவர் கண்ணால்கூட யோசனை சொல்லக் கூடாது. தகராறு வந்தால் மேசையில் உள்ள சீட்டை யாரும் தொடாமல் பொறுப்பாளரைக் கூப்பிட வேண்டும். அவர் சொன்னதோடு முடிந்தது. இதெல்லாம் ஒரு மாதத்தில் எவருக்கும் பழகிவிடும்.

பழகாத விதி ஒன்று உண்டு. கோவாவில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோக் கப்பல்களில் போக்கர் ஆடுகிறார்கள். உலகம் முழுவதும் போக்கர் அறைகளில், கை தொடங்கும்போது மேசைமேல் உங்கள் முன் எவ்வளவு இருக்கிறதோ அதுதான் உங்கள் பணம். கையின் நடுவே பையிலிருந்து எடுத்துச் சேர்க்க முடியாது. எதிராளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் உங்களிடம் மேசையில் உள்ளதற்கு மேல் ஒரு ரூபாய்கூட உங்களைத் தோற்கடிக்க முடியாது. எங்கள் மன்றப் பலகையில் இதையே வேறு விதமாக எழுதியிருந்தோம்: "மேசையில் கடன் கொடுப்பதும் வாங்குவதும் கூடாது."

அந்தப் பலகை என் தலைக்கு மேல் தொங்கும்போதே நான் அதை மீறினேன். 1997-இல் நடந்தது. என்னிடம் எட்டு வருடமாகச் சரக்கு எடுத்த சில்லறைக் கடைக்காரர், கைக்காசு தீர்ந்ததும் ஐயாயிரம் கேட்டார். "சரக்குக் கணக்குலயே எழுதிக்குங்கண்ணே" என்றார். பொறுப்பாளனே கொடுத்ததும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது, ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். மூன்றே மாதம். நான் முப்பது நாள் தவணைக்குப் போட்ட அரிசியை அடக்க விலைக்கு மூட்டைக்கு முப்பது ரூபாய் குறைத்து ஓட்டல்காரருக்கு ரொக்கத்துக்குத் தள்ளியிருக்கிறார், அன்றிரவு மேசைக்குப் பணம் வேண்டுமே! கடை மூடிய பிறகு அவர் மனைவி வந்து என் கல்லாவின் முன் நின்று, "நீங்களே குடுக்கலாமாண்ணே?" என்று மட்டும் கேட்டார். பாக்கி 42 ஆயிரம். சரக்குப் பணம் 37 ஆயிரத்தை அந்த அம்மா இட்லிக் கடை போட்டு நான்கு வருடத்தில் அடைத்தார். ஐயாயிரத்தை நானே பேரேட்டில் அடித்துவிட்டேன். பந்தய ஒப்பந்தம் செல்லாது, அந்தப் பணத்துக்கு வழக்குப் போட முடியாது என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 30-வது பிரிவில் இருக்கிறது என்றார் வக்கீல். நான் அதற்காக அடிக்கவில்லை.

அதிலிருந்து வாடிக்கையாளரிடம் நான் பார்ப்பது இதைத்தான்: அடக்க விலைக்குக் கீழே ரொக்க விற்பனை, வழக்கத்துக்கு மேல் கொள்முதல், திங்கட்கிழமை காசோலை தள்ளிப்போவது. மூன்றும் சேர்ந்தால் அடுத்த லோடை நிறுத்திவிட்டு நேரில் போய்ப் பேசுகிறேன்.

இப்போது ஆட்டம் கைப்பேசிக்கு வந்துவிட்டது. 2022-இல் தமிழ்நாடு அரசு சட்டம் போட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் வைத்தது செல்லாது என்றது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்று விதி வந்தது. எங்கள் மன்றத்து மணிக்கட்டுப்பாடுதான் அது! அதே வருடம் ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்து பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. மேசையில் எதிரே இருப்பவர் முகம் தெரியும், பொறுப்பாளர் விளக்கை அணைப்பார். கைப்பேசியில் வங்கிக் கணக்கு முழுவதும் மேசைமேல் இருந்தது மாதிரி.

எங்கள் பழைய விதிப் பலகையின் நகல் கடையில் இருக்கிறது. புதிதாக மன்றம் தொடங்குகிறவர்கள் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் மதியம் மூன்று மணிக்கு மேல் வந்தால் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.