நீலகிரித் தைலம்: தேய்க்கலாம், குடிக்கக் கூடாது



மழையும் பனியும் வந்தால் ஊத்துக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் நீலகிரித் தைலப் பாட்டில் வெளியே வந்துவிடும். ஜலதோஷத்துக்கும் உடம்பு வலிக்கும் அது பெரியவர்களுக்கு நல்ல துணை. கைக்குழந்தை இருக்கும் வீட்டிலோ அதே பாட்டிலால் ஆபத்தும் உண்டு.

தைலம் என்பது என்ன?

யூகலிப்டஸ் ஆஸ்திரேலியா நாட்டு மரம். 1843-இல் நீலகிரியில் நடப்பட்டது. இலையை வேகவைத்து, எழும் ஆவியைக் குளிர வைத்தால் தண்ணீரின்மேல் எண்ணெய் மிதக்கும். அதுவே தைலம். மூக்கில் ஏறும் வாசனைக்குக் காரணம் அதிலுள்ள சினியோல் என்ற பொருள்.

என்ன செய்யும்?

முகர்ந்தால் மூக்கடைப்பு விட்டதுபோல் இருக்கும். தேய்த்தால் கொஞ்ச நேரம் வலி தெரியாது. கும்மிடிப்பூண்டியில் ஷிப்டு முடிந்து வருகிறவருக்கு, ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் இரண்டு மூன்று சொட்டுக் கலந்து தேய்த்தால் போதும். காய்ச்சலையோ நிமோனியாவையோ தைலம் தீர்க்காது.

குழந்தைக்குக் கொடுக்கலாமா?

கூடாது. "ஒரு சொட்டு உள்ளுக்குக் குடும்மா, சளி கரைஞ்சிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே சில நிமிஷங்களில் மயக்கமும் வலிப்பும் வரலாம். மூக்கில் விடவும் வேண்டாம், முகத்தில் தடவவும் வேண்டாம், மூச்சு அடைக்கும். ஆவியும் பிடிக்கவேண்டாம், வெந்நீர் கொட்டிவிடும். சளி பிடித்த கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள்.

தவறிக் குடித்துவிட்டால்?

விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். வாய்வழி எதுவும் புகட்டாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள்.

சளியோடு மூச்சு வாங்கினால்?

குழந்தை அழாதபோது ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள்.

2 மாதத்துக்குள்: 60-ம் அதற்கு மேலும்
2 மாதம் முதல் 1 வயது வரை: 50-ம் அதற்கு மேலும்
1 முதல் 5 வயது வரை: 40-ம் அதற்கு மேலும்

இப்படி இருந்தாலும், மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பாகம் உள்வாங்கினாலும், பால் குடிக்காவிட்டாலும் தாமதம் வேண்டாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். "விடியட்டும், பாத்துக்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள்.

பாட்டிலை இறுக மூடி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். இது தாய்க்கு மட்டும் உள்ள பொறுப்பு அல்ல; தேய்த்துக்கொண்ட தகப்பனாரும் கையோடு எடுத்து வைக்கவேண்டும்.

தைலம் பெரியவர் தோளுக்கு! தாய்ப்பால் குழந்தை வாய்க்கு!