அழுகையை ‘இரைச்சல்’ என்று அழிக்கும் கருவிகள்: நினைவுகளை ஒலிப்பதிவு செய்வோர் கவனத்துக்கு

சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கம் ஒரு பெரியும்மா இருந்தார். 2004 சுனாமியில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். 2017இல் அவருடன் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசிப் பதிவு செய்தேன். என்னிடம் இருந்தது கைத்தொலைபேசி ஒன்றுதான். “சத்தம்தான் முதல் வந்த புள்ள, தண்ணி பொறகுதான் வந்த” என்று தொடங்கினார். சின்ன மகனின் கை தன் கையிலிருந்து நழுவிய இடத்துக்கு வந்தபோது பேச்சு நின்றது. நீண்ட நேரம் விம்மினார். பிறகு மிகத் தாழ்ந்த குரலில் ஒரு வசனம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டேன். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. விம்மல் இல்லை, மூச்சு இல்லை, கடைசி வசனத்தில் இரண்டு மூன்று எழுத்துகள் மட்டும் உடைந்து கேட்டன. நான் பயன்படுத்திய பதிவுச் செயலியில் ‘இரைச்சல் நீக்கம்’ இயங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. தெளிவான பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பது அதன் வேலை. ஒரு தாயின் அழுகையை அது மின்விசிறிச் சத்தத்தோடு சேர்த்துக் கழித்துவிட்டது.

அந்தப் பெரியும்மா இப்போது மவுத்தாகிவிட்டார். அவர் சொன்ன வசனம் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் என்னுடைய நினைவு அவருடைய சாட்சியம் ஆகாது.

அம்பாறைக் கரையோரத்தில் இன்று பல இளைஞர்கள் மூத்தவர்களின் குரலைப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். சுனாமி, 1990ஆம் ஆண்டின் இழப்புகள், இடம்பெயர்வு, மருதமுனை நெசவு, குரவை, நாட்டார் கவி என்று பல விடயங்கள். அவர்கள் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி, “என்ன மைக் வாங்கலாம்?” என்பதுதான். இணையத்தில் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் பாடகர்களுக்கும் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கும் எழுதப்பட்டவை. எங்களுடைய தேவை வேறு. நாங்கள் பதிவு செய்யும் மனிதர் இரண்டாவது முறை பாட மாட்டார். அதே வேதனையை இரண்டாவது முறை சொல்லச் சொல்லி அவரைக் கேட்கவும் முடியாது.

முதலில் அறை

பணம் செலவழிக்க முன் அறையைக் கவனியுங்கள். நல்ல மைக் கெட்ட அறையைத் திருத்தாது. அதன் கெடுதியை இன்னும் துல்லியமாகப் பதிவு செய்யும்.

எங்கள் வீடுகளில் சீமெந்துத் தரை, வெறும் சுவர், மேலே மின்விசிறி. குரல் சுவரில் பட்டுத் திரும்பி மைக்குக்கு வரும்போது ‘குகைக்குள் பேசுவது’ போன்ற ஒலி உண்டாகிறது. அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுமையாக நீக்க முடியாது. மெத்தை, தடித்த திரைச்சீலை, உடுப்பு நிறைந்த அலுமாரி உள்ள படுக்கையறை, வரவேற்பறையை விட எப்போதும் நல்லது. சுவரோடு ஒரு மெத்தையை நிமிர்த்தி வைத்தால் கடையில் விற்கும் மெல்லிய ஸ்பொஞ்சை விட அதிகம் பயன் தரும்.

தொழுகை நேரங்களைப் பார்த்து நேரத்தைத் தீர்மானியுங்கள். பாங்கு சொல்லும்போது பேச்சை நிறுத்துவது மரியாதையும் கூட. பாண் ஓட்டோ எத்தனை மணிக்கு அந்தத் தெருவுக்கு வருகிறது என்பதையும் கேட்டு வையுங்கள். மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்தலாம். ஆனால் வயதான ஒருவரை வியர்க்க வியர்க்க இருத்தி வைத்துப் பதிவு செய்ய வேண்டாம். அதிகாலையும் இரவும் அதற்காகத்தான் இருக்கின்றன.

மைக்கின் விலையை விடத் தூரம் முக்கியம்

ஒரே அறையில், ஒரே கதிரையில் இருந்து மூன்று விதமாகச் சோதித்துப் பார்த்தேன்: கைத்தொலைபேசி மட்டும், கைத்தொலைபேசியுடன் வயர் உள்ள கிளிப் மைக், இரவல் வாங்கிய விலை கூடிய ஸ்டூடியோ கொண்டென்சர் மைக். முதலில் சாதாரணப் பேச்சு, அடுத்து தாழ்ந்த குரல், அடுத்து ஒரு நிமிட மௌனம். மேசையில் மூன்றடி தள்ளி வைத்த ஸ்டூடியோ மைக்கை விட, சட்டையில் குத்திய மலிவான கிளிப் மைக்கில் குரல் தெளிவாக இருந்தது.

காரணம் எளிது. மைக்குக்கும் வாய்க்கும் இடையிலான தூரத்தைப் பாதியாகக் குறைத்தால், நேரடியாக வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுகிறது. அறையின் இரைச்சலோ அப்படியே இருக்கிறது. கொண்டென்சர் மைக் நுண்ணியது. தூரத்து நாயையும் கேட்கும். அதற்குப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்னும், அதைக் கொடுக்கும் கருவியும் வேண்டும். 1966இல் வந்து இன்றும் மேடைகளில் இருக்கும் ஷுவர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்குக்கு அந்த மின் தேவையில்லை, அடி தாங்கும். ஆனால் வாய்க்கு மிக அருகில் பிடிக்க வேண்டும். வாழ்நாளில் மைக்கைத் தொடாத ஒருவருக்கு முகத்துக்கு நேரே அதை நீட்டினால் விசாரணை போலிருக்கும். விசாரணைகளைக் கண்ட சனங்கள் நாங்கள்.

ஆகவே எங்கள் வேலைக்கு வயர் உள்ள கிளிப் மைக் முதல் தெரிவு. முந்தானை, ஹிஜாப், வளையல் உரசாத இடத்தில் குத்த வேண்டும். பெண்களுக்கு அதை அவர்களே குத்திக்கொள்ளக் கொடுங்கள். வயர் இல்லாத மைக்குகள் வசதிதான். ஆனால் சிலவற்றில் இரைச்சல் நீக்கம் தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் இருக்கும். எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்காமலிருக்க, அதை முதலில் நிறுத்துங்கள்.

ரெக்கோடர் தேவையா?

முடிந்தால் தேவை. கைத்தொலைபேசிக்கு அழைப்பு வரும், பட்டரி இறங்கும், இடம் நிறையும். ரெக்கோடருக்கு ஒரே வேலைதான்.

அண்மைய ஆண்டுகளில் ‘32 பிட் ஃபுளோட்’ என்ற முறையில் பதிவு செய்யும் சிறு கருவிகள் வந்திருக்கின்றன. 2024இல் வந்த சூம் எச்1 எசென்ஷியல் அப்படியான ஒன்று. பழைய முறையில் ஒலியளவை முன்கூட்டியே சரிசெய்ய வேண்டும். கூட்டி வைத்தால், திடீரெனக் குரல் எழும்போது ஒலி வெடித்துச் சிதையும். குறைத்து வைத்தால் முணுமுணுப்பு இரைச்சலில் மூழ்கும். 32 பிட் ஃபுளோட்டில் இரண்டையும் பிறகு கணனியில் மீட்கலாம். தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்து, திடீரெனக் கதறி அழக்கூடிய ஒருவரைப் பதிவு செய்ய இது உண்மையான உதவி. ஆனால் மைக்கே தாங்காத சத்தத்தை எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது.

2022இல் ரூபா சரிந்த பின்னர் இறக்குமதிக் கருவிகளின் விலை எங்கள் கைக்கு எட்டாமல் போனது. ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்கத் தேவையில்லை. ஊரில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ரெக்கோடரும் இரண்டு கிளிப் மைக்கும் ஒரு நல்ல ஹெட்போனும் வாங்கினால் போதும். ஹெட்போனைத் தவிர்க்காதீர்கள். பதிவாகும்போதே கேட்டிருந்தால், அன்று சாய்ந்தமருதில் நான் பிழையைக் கண்டுபிடித்திருப்பேன்.

எந்த வடிவில் சேமிப்பது?

ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச அமைப்பான ஐஏஎஸ்ஏ, குறைந்தது 48 கிலோ ஹேர்ட்ஸ், 24 பிட், சுருக்கப்படாத வேவ் கோப்பைப் பரிந்துரைக்கிறது. ஒற்றைத் தடத்தில் ஒரு மணித்தியாலம் ஏறக்குறைய 520 மெகாபைட். 32 ஜிகாபைட் மெமரி காட்டில் 60 மணித்தியாலம் அளவில் கொள்ளும். எம்பி3 கேட்பதற்கும் அனுப்புவதற்கும் மட்டும். வட்ஸ்அப் குரல் பதிவு அதைவிடவும் சுருக்கப்பட்டது. அதை மூலப் பிரதியாக வைத்திருக்க வேண்டாம்.

மென்பொருள்: எது குரலை மாற்றுகிறது?

2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஒடாசிட்டி இலவசமானது, திறந்த மூலம் கொண்டது, இணையம் இல்லாமலே இயங்கும். 2021இல் அது வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியபோது, தனியுரிமைக் கொள்கை பற்றிக் கடும் விமர்சனம் எழுந்து அந்தக் கொள்கை திருத்தப்பட்டது. வெட்டுவது, ஒலியளவைச் சரிசெய்வது, மின் இரைச்சலை ஓரளவு குறைப்பது ஆகியவற்றுக்கு அது போதும். பல தடங்களைச் சேர்த்து நிகழ்ச்சி தயாரிப்பவர்களுக்கு ரீப்பர் பொருத்தம். அதை 60 நாட்கள் சோதித்துப் பார்க்கலாம். தனிநபர் உரிமம் 60 டொலர் அளவில்.

கடைகளில் கிடைக்கும் ‘கிரேக்’ பிரதிகளைத் தவிருங்கள். இங்கே ஒழுக்கத்தை விடப் பெரிய விடயம் பாதுகாப்பு. அவற்றுடன் என்ன உளவு மென்பொருள் சேர்ந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. அந்தக் கணனியில்தான் சாட்சியின் பெயரும் இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவால் குரலைத் ‘தெளிவாக்கும்’ சேவைகள் இப்போது பிரபலம். இரண்டு விடயங்களை யோசியுங்கள். முதலாவது, அவற்றில் பல, பதிவைத் தங்கள் சேவர்களுக்கு ஏற்றச் சொல்கின்றன. இரண்டாவது, அவற்றில் சில, இரைச்சலை வடிகட்டுவதோடு நில்லாமல் பேச்சையே மீளக் கட்டமைக்கின்றன. எங்கள் கரையோரப் பேச்சு வழக்கை அவை எப்படிக் கேட்டு எப்படித் திருத்தும்?

பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மென்பொருள் தமிழையும் ஏற்கிறது; சொந்தக் கணனியிலேயே இயக்கலாம். ஆனால் சொல்லப்படாத வசனங்களை அது சில வேளை தானாக எழுதுகிறது என்றும், நீண்ட மௌனங்கள் உள்ள பேச்சில் இது கூடுகிறது என்றும் ஆய்வாளர்கள் 2024இல் காட்டினார்கள். எங்கள் பதிவுகளில் மௌனம்தான் அதிகம். ஒரு கருவி மௌனத்தை அழிக்கிறது, இன்னொன்று அதில் பொய்யை நிரப்புகிறது. இயந்திரம் எழுதியதை ஒரு மனிதர் வரிக்கு வரி கேட்டுச் சரிபார்க்காமல் வெளியிடக் கூடாது.

என்னுடைய விதி ஒன்றுதான்: மூலக் கோப்பில் கை வைப்பதில்லை. எந்தத் திருத்தமும் பிரதியில் மட்டும்.

பதிவு செய்த பிறகு

2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த தேடுதல் நாட்களில், வீட்டிலிருந்த புத்தகங்களையும் சீடீக்களையும் பயந்து தாங்களே அழித்தவர்களை நான் அறிவேன். ஒரு பதிவு அதைத் தந்தவருக்கே ஆபத்தாகலாம் என்பதை நாங்கள் மறக்கக் கூடாது. பெயர் வெளியாகலாமா, குரலை ஒலிபரப்பலாமா, மவுத்தான பிறகு யார் கேட்கலாம் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். சம்மதத்தை அதே பதிவில் குரலாகவே எடுங்கள். கோப்பின் பெயரில் ஆளின் பெயரை எழுதாமல் ஓர் இலக்கம் கொடுங்கள். பெயர்ப் பட்டியலை வெராகிரிப்ட் போன்ற இலவச மென்பொருளால் பூட்டி வேறிடத்தில் வையுங்கள்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று ஊருக்கு வெளியே. கடல் வந்த ஊரில் இந்த மூன்றாவது விதிக்கு விளக்கம் தேவையில்லை. 2004இல் குடும்பப் படங்களும் கசெட்டுகளும் வீட்டோடு சேர்ந்தே போயின. வெளியிடச் சம்மதம் உள்ளவற்றை நூலக நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணக் காப்பகங்களுடன் பேசி ஒப்படைக்கலாம்.

சுனாமியில் அம்பாறை மாவட்டம் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தது. அதை நேரில் கண்ட பெரியவர்கள் வருடாவருடம் குறைந்துகொண்டு போகிறார்கள். நல்ல கருவி கிடைக்கும் வரை காத்திருக்கச் சொல்லி இதை எழுதவில்லை. இருக்கும் தொலைபேசியோடு இன்று மாலையே போங்கள். இரைச்சல் நீக்கத்தை நிறுத்துங்கள், விமான நிலைக்கு மாற்றுங்கள், ஒரு நிமிடம் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், பிறகு தொடங்குங்கள். அவர் பேச்சை நிறுத்தினால் நீங்கள் பதிவை நிறுத்தாதீர்கள். அவரே நிறுத்தச் சொன்னால் மட்டும் உடனே நிறுத்துங்கள்.