நட்சத்திரம் பார்க்க எங்கே போகலாம்?

இன்று இரவு வாசலுக்கு வாருங்கள். அண்ணாந்து பாருங்கள். எத்தனை நட்சத்திரம் தெரிகிறது? எண்ணுங்கள்.

கிராமத்துக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். நட்சத்திரத்தை எண்ண முடியுமா என்பார். மும்பைக்காரர் எண்ணிவிடுவார். பல இரவுகளில் இரண்டு கை விரல்களே அவருக்குப் போதும்.

தாராவியிலும் கல்யாணிலும் டோம்பிவிலியிலும் நிறையத் தமிழர்கள் இருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்குக் கார்த்திகை தெரியும். சப்தரிஷி தெரியும். வெள்ளி முளைத்ததைப் பார்த்து வயலுக்குப் போனவர்களும் உண்டு. பேரப்பிள்ளைக்குக் காட்டலாம் என்று மொட்டை மாடிக்குக் கூட்டிப் போவார்கள். கையை நீட்டுவார்கள். நீட்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. பிள்ளை வானத்தைப் பார்க்காது. தாத்தாவின் விரலைத்தான் பார்க்கும்.

நட்சத்திரம் எங்கே போனது?

எங்கும் போகவில்லை. அங்கேதான் இருக்கிறது. கிராமத்தில் டெண்டுக் கொட்டகையில் சினிமா பார்த்திருப்பீர்கள். படம் ஓடும்போது யாராவது கதவுப் படுதாவைத் தூக்கினால் என்ன ஆகும்? வெளி வெளிச்சம் திரையில் விழும். படம் மங்கிவிடும். படம் அழியவில்லை. திரை வெளுத்துவிட்டது. அவ்வளவுதான்.

நகரத்து வானமும் வெளுத்த திரைதான். தெருவிளக்கு, கடை விளக்கு, விளம்பரப் பலகை விளக்கு எல்லாம் தரைக்கு வேண்டியவை. ஆனால் அந்த வெளிச்சத்தில் ஒரு பகுதி மேலே போகிறது. காற்றில் உள்ள தூசி, புகை, ஈரம் ஆகியவற்றில் பட்டுச் சிதறுகிறது. வானம் முழுவதும் சாம்பல் நிறமாகிறது. மங்கலான நட்சத்திரங்கள் அதில் மூழ்கிவிடுகின்றன. நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கு ஒரே சமயத்தில் 2,000 நட்சத்திரங்களுக்கு மேல் தெரியும். ஆக, நட்சத்திரம் பார்க்க வேண்டுமானால் இருட்டைத் தேடிப் போக வேண்டும்.

பெரிய விஞ்ஞானிகளும் இதைத்தான் செய்தார்கள். 1960களில் வைணு பாப்பு என்ற வானியல் அறிஞர் நல்ல இருட்டான இடம் தேடினார். தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையில் உள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கே 1986ஆம் ஆண்டு 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி செயல்படத் தொடங்கியது. அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

லோக்கல் ரயிலில் ஏறுங்கள்

மும்பைக்காரர் ஜவ்வாது மலைக்குப் போக வேண்டியதில்லை. லோக்கல் ரயில் போதும்.

மும்பை சி.எஸ்.எம்.டி. நிலையத்திலிருந்து கல்யாண் 54 கிலோமீட்டர். கல்யாணில் தண்டவாளம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கசாரா பக்கம். இன்னொன்று கர்ஜத் பக்கம். கர்ஜத் வண்டியில் ஏறினால் உல்லாஸ்நகர், அம்பர்நாத், பதலாப்பூர் வரும். அதற்கு அடுத்த நிலையம் வாங்கணி. அதன் பிறகு ஷேலு, நேரள் என்று போகும்.

வாங்கணி என்ற பெயர் மும்பையில் வானம் பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1986இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தது. அந்தச் சமயத்தில் மும்பையில் ககோல் மண்டல் என்ற ஆர்வலர் அமைப்பு உருவானது. அது பல ஆண்டுகள் வாங்கணியில் இரவு முழுவதும் வானம் காட்டும் நிகழ்ச்சிகளை நடத்தியது. மாணவர்கள், குமாஸ்தாக்கள், வீட்டுப் பெண்கள் எல்லாரும் சாயங்கால வண்டியில் வந்து, காலை வண்டியில் திரும்பினார்கள்.

ஏன் வாங்கணி? ரயில் போகிறது. வயல்வெளி இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கவனிக்க வேண்டும். மும்பையும் கல்யாணும் வாங்கணிக்கு மேற்கிலும் வடமேற்கிலும் இருக்கின்றன. அந்தப் பக்கத்து வானம்தான் அதிகம் வெளுத்திருக்கும். தெற்கும் கிழக்கும் மலைப்பக்கம். அங்கே வெளிச்சம் குறைவு. பால்வீதியின் மிக அழகான பகுதி நமக்குத் தெற்கு வானத்தில்தான் தெரியும். நகரம் தெற்கே இருந்தால் அது போச்சு.

எந்த ஊரில் இருப்பவரும் இதே கணக்கைப் போடலாம். நகரத்தை வடக்கே விட்டுவிட்டுத் தெற்கே போவது நல்லது. முடியாவிட்டால் கிழக்கோ மேற்கோ போகலாம். நகரத்துக்கு வடக்கே போவது கடைசி வழி.

மலை மேல் ஏறினால் இன்னும் நன்றாகத் தெரியுமே என்று தோன்றும். நேரளுக்கு மேலே மாதேரான் இருக்கிறது. அங்கே மோட்டார் வண்டிகள் போகக் கூடாது. புகை இல்லை. ஆனால் மரங்கள் அடர்த்தி. வானம் துண்டு துண்டாகத்தான் தெரியும். திறந்த இடம் வேண்டுமென்று மேற்கு விளிம்புக்குப் போனால் எதிரே நகரத்தின் வெளிச்சம் நிற்கும். கீழே உள்ள வயலே மேல்.

பகலில் ஒரு முறை போய் வாருங்கள்

ராத்திரி போய் இடம் தேடக் கூடாது. முதலில் பகலில் போய்ப் பார்த்து வர வேண்டும்.

தெற்குப் பக்கம் மறைப்பு இல்லாமல் இருக்கிறதா? வடக்கையும் பாருங்கள். துருவ நட்சத்திரம் அங்கேதான் தெரியும். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்குங்கள். ஒரு முஷ்டி உயரம் சுமார் 10 பாகை. மும்பைப் பகுதியில் துருவ நட்சத்திரம் சுமார் 19 பாகை உயரத்தில் நிற்கும். அதாவது தரையிலிருந்து இரண்டு முஷ்டி. கன்னியாகுமரியில் ஒரு முஷ்டிகூட இருக்காது. டில்லியில் மூன்று முஷ்டி. வடக்கே இரண்டு முஷ்டிக்கு மேல் மலையோ கட்டடமோ இருந்தால் துருவ நட்சத்திரம் மறைந்துவிடும்.

பக்கத்தில் விளக்குக் கம்பம் இருக்கிறதா? ஒரே ஒரு கம்பம் போதும், இரவைக் கெடுத்துவிடும். செங்கல் சூளை, கல் உடைக்கும் இடம் இருந்தால் தூசியும் புகையும் இருக்கும். ஆற்றங்கரை பகலில் அழகாக இருக்கும். பின்னிரவில் அங்கே பனி மூட்டம் இறங்கும். சற்று மேடான இடமாகப் பார்க்கலாம்.

வயல் யாருடையது? இதைக் கேட்காமல் உட்காரக் கூடாது. நெல் அறுத்த பிறகு வெறும் நிலம்தானே என்று நினைக்கலாம். அந்தப் பக்கத்தில் நெல்லுக்குப் பிறகு வால் என்ற அவரை வகையை விதைப்பார்கள். இருட்டில் பத்துப் பேர் மிதித்தால் அது ஒருவருடைய வருமானம்.

நள்ளிரவில் முன்பின் தெரியாத ஆட்கள் வயலில் நடமாடினால் ஊர்க்காரர் என்ன நினைப்பார்? திருடன் என்றுதான் நினைப்பார். அதனால் சர்பஞ்சிடம் சொல்ல வேண்டும். போலீஸ் பாட்டீலிடமும் சொல்ல வேண்டும். மகாராஷ்டிரக் கிராமங்களில் போலீஸ் பாட்டீல் என்று ஒருவர் உண்டு. ஊருக்கும் போலீசுக்கும் நடுவே தகவல் சொல்பவர் அவர். சொல்லிவிட்டுப் போனால் ஊர்ப் பிள்ளைகளும் கூட வந்து உட்காருவார்கள். பாதி இரவு அவர்கள்தான் பேசுவார்கள்.

பெண்கள் போகலாமா? தாராளமாகப் போகலாம். ஆனால் இரண்டு மூன்று பேராகப் போவதைவிடப் பத்துப் பன்னிரண்டு பேராகப் போவது நல்லது. கழிப்பறை எங்கே என்று பகலிலேயே பார்த்துவிட வேண்டும். ஊருக்கு வெளியே இருக்கும் பள்ளிக்கூடம் மிகவும் பொருத்தமான இடம். கட்டடம் உண்டு, தண்ணீர் உண்டு, முன்னால் மைதானம் உண்டு. அனுமதி கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். கழிப்பறை இல்லாத இடம் எவ்வளவு இருட்டாக இருந்தாலும் நல்ல இடம் இல்லை.

பாம்பு பயம் வேண்டும். செருப்பு போதாது. மூடிய காலணி போட வேண்டும். வரப்பிலும் வைக்கோல் போரிலும் உட்காரக் கூடாது. ஜமுக்காளத்தை வெறும் தரையில், வெளிச்சம் இருக்கும்போதே விரிக்க வேண்டும்.

எப்போது போவது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. போக வேண்டாம். நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம்.

நிலா இருந்தால் அதுவும் ஒரு தெருவிளக்கு மாதிரிதான். அமாவாசைக்கு முன்னும் பின்னும் மூன்று நான்கு நாட்கள் நல்லவை. பௌர்ணமி கழிந்தால் நிலா தினமும் சுமார் 50 நிமிடம் தாமதமாக எழும். ஐந்தாறு நாள் ஆனால் முன்னிரவு இருட்டாகக் கிடைக்கும்.

நிலாவை மட்டும் பார்க்க வேண்டுமா? வாங்கணி போக வேண்டாம். வியாழனும் வெள்ளியும் அப்படித்தான். தாராவிக் கூரைக்கு மேலேயே தெரியும்.

இடம் நல்லதா என்று கண்டுபிடிக்க

கருவி எதுவும் வேண்டாம். விளக்கை எல்லாம் அணையுங்கள். அரை மணி நேரம் சும்மா இருங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும். நடுவில் யாராவது செல்போனைத் திறந்தால் மறுபடி அரை மணி நேரம் போகும். அவசரத்துக்கு டார்ச் லைட்டில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றிக்கொள்ளலாம். சிவப்பு வெளிச்சம் கண்ணை அதிகம் கெடுக்காது.

இப்போது கார்த்திகையைப் பாருங்கள். ஜனவரி மாதம் இரவு எட்டு மணிக்கு அது ஏறக்குறைய தலைக்கு மேலே இருக்கும். மாடியிலிருந்து பார்த்தால் ஒரு கறை மாதிரி இருக்கும், அல்லது தெரியவே தெரியாது. இங்கே ஆறு நட்சத்திரத்தையும் தனித்தனியாக எண்ண முடிந்தால் இடம் நல்ல இடம். பிறகு சப்தரிஷி மேலே வரும். அதன் வாலில் நடு நட்சத்திரம் வசிஷ்டர். ஒட்டினாற்போல அருந்ததி. கல்யாணத்தில் அருந்ததி பார் என்று எல்லாருக்கும் காட்டுகிறார்கள். பார்த்ததாகத் தலையாட்டியவர்கள் பலர். உண்மையாகப் பார்க்க இதுதான் சமயம்.

இருட்டு தள்ளிப் போகிறது

மும்பைக்காரரின் இருட்டு ஒவ்வொரு ஸ்டேஷனாகத் தள்ளிப் போகிறது. பதலாப்பூர் இப்போது பெரிய நகரம். வாங்கணிக்கும் அடுக்குமாடிக் கட்டடங்கள் வந்துவிட்டன. நகரத்தில் வீடு வாங்க முடியாதவர்கள்தான் அங்கே வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முன்பு ஸ்டேஷனை விட்டு இறங்கிச் சற்று நடந்தால் போதும். இப்போது உள்ளே இன்னும் தள்ளிப் போக வேண்டும். அல்லது நேரள், கர்ஜத் வரை போக வேண்டும்.

வாங்கணிக்காரருக்குத் தெருவிளக்கு வேண்டாமா? கட்டாயம் வேண்டும். இருட்டில் வேலை முடிந்து வரும் பெண்ணுக்கு விளக்குதான் துணை. ஆனால் விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டால் வெளிச்சம் முழுவதும் தெருவில் விழும். வானத்துக்கு வெளிச்சம் போட்டு அதற்குக் கரண்டுக் கட்டணம் கட்டுவது யாருக்கு லாபம்? நீலம் கலந்த வெள்ளை விளக்கு காற்றில் அதிகம் சிதறும். மஞ்சள் வெளிச்சம் குறைவாகச் சிதறும்.

லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் அது. அங்கே பெரிய தொலைநோக்கி இருக்கிறது. 2022இல் அந்தப் பகுதியை இருள் வானக் காப்பகம் என்று அறிவித்தார்கள். விளக்குகளுக்கு மூடி போட்டார்கள். ஜன்னல்களுக்குக் கனமான திரை போட்டார்கள். ஊர்க்காரர்களில் சிலருக்குத் தொலைநோக்கி கொடுத்துப் பயிற்சியும் கொடுத்தார்கள். வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டி அவர்கள் சம்பாதிக்கிறார்கள். 2024இல் மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகமும் இருள் வானப் பூங்கா என்ற பெயர் பெற்றது.

வாங்கணியில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் தாத்தாவும் பேரனும் அங்கே போகலாம். மார்ச் மாத அமாவாசை சமயத்தில் போனால் விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பிவிட வேண்டும். தென்கிழக்கில் விருச்சிகம் வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்கும். அதன் நடுவே சிவப்பாகக் கேட்டை. வால் பக்கமிருந்து பால்வீதி புகை மாதிரி மேலே எழும்பிப் போகும். பையன் அதை மேகம் என்றுதான் முதலில் சொல்வான். கொஞ்ச நேரம் பார்க்க விடுங்கள். மேகம் என்றால் நகர்ந்துவிடும். இது நகராது.