உங்களுக்குத் தெரியுமா? காற்றே இல்லாமல் சுத்தமாகும் கழிவுநீர்
புனேயின் ஹிஞ்சேவாடி ஐ.டி. பூங்கா போன்ற இடங்களில் வார நாட்களில் பெருகும் கழிவுநீர், சனி, ஞாயிறில் சுருங்கிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தை நன்றாகவே தாங்கும் ‘காற்றில்லா வடிகட்டி’. மூடிய தொட்டிக்குள் சரளைக்கல் அல்லது பிளாஸ்டிக் வளையங்களை நிரப்பி, பெரும்பாலும் கீழிருந்து மேலாகக் கழிவுநீரை விடுவார்கள். நுண்ணுயிரிகள் அவற்றின்மேல் படலமாக ஒட்டி வளர்வதால் நீரோடு அடித்துப் போவதில்லை; கழிவைத் தின்று மீத்தேன் தருகின்றன. ஆய்வாளர்கள் யங், மெக்கார்ட்டி இருவரும் 1969-இல் வெளியிட்ட அருமையான ஆய்வே இத்துறைக்கு அடித்தளம்.

நீர் தங்கும் நேரம் வழக்கமாக 12 முதல் 36 மணி நேரம். கணக்கிடும்போது சராசரி வரத்து மட்டும் போதாது, திங்கள் காலை உச்சத்தையும் சேர்த்தே ஆகவேண்டும். படலம் முதிர 6 முதல் 9 மாதம் பிடிக்கும். வெளிவரும் நீரில் அமோனியாவும் கிருமிகளும் மிஞ்சும். எனவே புனேயின் முலா ஆற்றில் விடுமுன் அடுத்தகட்ட சுத்திகரிப்பு அவசியம்.