ஜிடிபி வெளிவரும் முன்பே வளர்ச்சியை எப்படிக் கணிக்கிறார்கள்?

ஏப்ரல்–ஜூன் காலாண்டில் இந்தியப் பொருளாதாரம் எவ்வளவு வளர்ந்தது என்ற அரசின் ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி) மதிப்பீடு ஆகஸ்ட் கடைசியில்தான் வெளிவரும். வட்டி விகிதத்தை முடிவு செய்யும் ரிசர்வ் வங்கியால் அதுவரை காத்திருக்க முடியாது.

ஆனால் மின் நுகர்வு, ஜிஎஸ்டி வசூல், வாகன விற்பனை, ரயில் சரக்கு ஆகிய விவரங்கள் மாதந்தோறும் கிடைக்கின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் நம்ப முடியாது: வெயில் கடுமையானாலே மின் நுகர்வு கூடும், தீபாவளி அக்டோபரிலா நவம்பரிலா என்பதைப் பொறுத்து வாகன விற்பனை மாறும். எனவே முதலில் பருவகால, பண்டிகை விளைவுகளை நீக்குகிறார்கள். பிறகு எல்லாவற்றிலும் பொதுவாகத் தெரியும் போக்கைப் பிரித்தெடுத்து, முந்தைய ஜிடிபி வளர்ச்சியுடன் அதற்கிருந்த தொடர்பைக் கொண்டு நடப்புக் காலாண்டைக் கணக்கிடுகிறார்கள். புதிய தரவு வரவரக் கணிப்பும் திருத்தப்படும்.

சிறு கடைகளும் முறைசாராத் தொழில்களும் இந்த மாதாந்திரத் தரவுகளில் முழுமையாகப் பதிவாவதில்லை. ஆகவே கணிப்பைப் படிக்கும்போது அதன் பிழை வரம்பையும் சேர்த்துப் பாருங்கள்.