ஸ்கீ தயார், உடம்பு தயாரா?

சீனாவின் மேற்கெல்லையில், சின்ஜியாங் பகுதியில் 7,546 மீட்டர் உயரம் கொண்ட முஸ்தாக் அட்டா, ஏறுவதற்கு மட்டுமன்றி ஸ்கீ மட்டைகளில் சறுக்கி இறங்குவதற்கும் மலையேற்ற வீரர்களை ஈர்க்கும் சிகரம்; 'பனிமலைகளின் தந்தை' என்று பொருள்படும் அம்மலையின் மேற்குச் சரிவு உச்சிவரை பெரும்பாலும் சீராகச் சாய்ந்திருப்பதே அதற்குக் காரணம். 1894இல் ஸ்வென் ஹெடின் யாக் எருதுகளோடு முயன்றும் எட்ட முடியாத உச்சியை 1956இல் சோவியத்–சீனக் கூட்டுக் குழு தொட்டது. 1980இல் நெட் ஜில்லெட், ஜான் ரெனால்ட்ஸ், கேலன் ரோவெல் என்ற மூன்று அமெரிக்கர்கள் ஸ்கீயோடு ஏறி ஸ்கீயிலேயே இறங்கினர்.

பனியாறு தள்ளிக்கொண்டுவந்து குவித்த கற்களின் ஓரமாக, ஏறத்தாழ 4,400 மீட்டரில் அமைகிறது அடிவார முகாம். சுபாஷியிலிருந்து ஒட்டகங்களும் கழுதைகளும் பொதிகளைக் கொண்டுவந்து இறக்கிய பின், கூடாரத்துக்காகக் கல் பொறுக்கித் தரையைச் சமன் செய்வதற்கே மூச்சு வாங்கும்; காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பத்தில் ஆறு பங்கே இருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அந்த விகிதத்தில் குறைகிறது. தண்ணீர் 85 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுவதால் பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. இரவில், உறங்குபவரின் மூச்சு மெல்ல ஆழமாகி, பின் தேய்ந்து, சில வினாடிகள் நின்றே போய், திடீரென ஒரு பெருமூச்சோடு மறுபடி தொடங்குவதைப் பக்கத்தில் படுத்திருப்பவர் கேட்கலாம்.

கோடையில் முகாமைச் சுற்றிப் பனி இராது என்பதால், ஸ்கீயை முதுகுப்பையில் கட்டிச் சுமந்து, பனி தொடங்கும் உயரத்துக்குப் போய்த்தான் அதைச் சோதிக்க முடியும். ஸ்கீயின் அடியில் ஒட்டப்படும், 'ஸ்கின்' எனப்படும் நீளப் பட்டையின் மயிர் பின்னோக்கிப் படிந்திருப்பதால், ஸ்கீ முன்னே வழுக்கும், பின்னே சறுக்காது. ஆனால் அதன் பசையில் பொடிப்பனி படிந்து குளிரில் இறுகினால் பிடிப்பு போய்விடும் என்பதால், பயன்படுத்தாத வேளையில் அதை மேலங்கிக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்வது வழக்கம். காலணியை ஸ்கீயோடு இணைக்கும் 'பைண்டிங்' ஏறும்போது குதிகாலை விடுவித்து, இறங்கும்போது பூட்டிக்கொள்ளும். காலணி முனையின் இரு துளைகளில் ஒன்றில் கடுகளவு பனிக்கட்டி உறைந்திருந்தாலும் அதில் நுழைய வேண்டிய பைண்டிங்கின் ஊசி முழுதாகப் பதியாது; பூட்டியது போலத் தோன்றிச் சரிவில் கழன்றுவிடும். தடித்த கையுறையைக் கழற்றாமலேயே அத்துளைகளைச் சுரண்டிப் பூட்டத் தெரிகிறதா என்பதே உண்மையான சோதனை.

பைண்டிங் பூட்டியதா இல்லையா என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும். உடம்போ அவ்வளவு விரைவில் விடை சொல்வதில்லை. மூச்சு வேகமெடுப்பதும், அதனால் காரத்தன்மை கூடிய இரத்தத்தைச் சிறுநீரகம் சரிக்கட்டுவதும் சில நாள்களில் நடந்துவிட்டாலும், ஆக்ஸிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்கள் போதிய அளவு பெருக வாரங்கள் ஆகும். அதனால்தான் 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது, மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஓய்வும் வேண்டும் என்று மலை மருத்துவம் வற்புறுத்துகிறது. உடம்பின் நிலையைக் கருவியிடம் கேட்கலாம் என்றால், இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர்கூட, கொரோனாக் காலத்தில் வீடுவீடாக நுழைந்த அதே கருவி, விறைத்த விரலில் தவறான எண்ணைக் காட்டக்கூடும்.

இத்தனைக்கும் பிறகு பயணத் திட்டங்களில் முதலில் வெட்டப்படுவது இந்தக் காத்திருப்பு நாள்களே என்பதுதான் பெருங்கவலை. வீட்டிலேயே ஆக்ஸிஜன் குறைந்த கூடாரத்துக்குள் உறங்கிப் பழகியவர்களுக்கு இவ்வளவு நாள் தேவையில்லை என்ற வாதம் உண்டு. அந்த வாதத்தைவிட ஆபத்தானது, உடம்புக்கு முடியாமல் போனாலும் ஸ்கீயில் சீக்கிரம் இறங்கிவிடலாம் என்ற நம்பிக்கை. உயரத்தால் மூளை வீங்கும்போது வெளிப்படும் முக்கிய அறிகுறிகளில் ஒன்று நடை தள்ளாடுவது. அதாவது, ஸ்கீயில் இறங்க எந்தச் சமநிலை வேண்டுமோ அதையே அந்நோய் பறித்துவிடுகிறது. அந்நிலையில் ஒருவரை இறக்க மற்றவர்களின் தோளும் கயிறுமே உதவும். நல்ல ஸ்கீயும் சுமைதான். தள்ளாட்டத்தைக் கண்டறிய ஒரு குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் போதும். பைண்டிங்கை முப்பது முறை பூட்டித் திறந்து பார்க்கும் குழு, அதே முகாமின் சரளைத் தரையில் இந்த நடையையும் நாள்தோறும் காலையில் ஒவ்வொருவரையும் நடக்கச் செய்ய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது.