கொம்பு சொல்லாத உறவு

மேய்ச்சல் நிலத்தில் கிடக்கும் சாணத்தைப் புரட்டினால் அதனடியில் சிறு துளைகள் தென்படும். அவை சாணவண்டுகள் தோண்டிய சுரங்கங்கள். சாணத்தை உருட்டிச் செல்லும் வண்டுகளைப் பலரும் அறிவர். உருட்டாமல், சாணத்தின் கீழேயே குழி தோண்டி உணவைச் சேமிப்பவையும் உண்டு. அவற்றுள் மிகப் பெரிய கூட்டம் ஆந்தோபேகஸ் என்னும் பேரினம். 1802ஆம் ஆண்டு பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லாத்ரேய் இப்பெயரைச் சூட்டினார். சாணம் உண்பது என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். இன்று இதில் 2000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அடங்கும்.

இத்துணை இனங்களின் உறவுமுறையை எவ்வாறு அறிவது? கண்ணில் முதலில் படுவது ஆண் வண்டின் கொம்பு. சிலவற்றுக்கு அது தலையின் பின்புறம் எருதின் கொம்புபோல் வளைந்திருக்கும். சிலவற்றுக்குத் தலையின் முன்புறமோ மார்பின்மேலோ அமைந்திருக்கும். ஒத்த கொம்புடையவை ஒரே கொடிவழியில் வந்தவை என்று எண்ணத் தோன்றும். எளிய வழிதான், ஆனால், வழுக்கிவிடும் வழி.

ஆந்தோபேகஸ் டாரஸ் என்னும் இனத்தைக் காண்போம். தாய்வண்டு சுரங்கத்தில் சாணத்தைத் திரட்டி வைத்து, அதில் ஒரு முட்டை இடும். வெளிவரும் புழுவுக்கு அத்திரளே முழு உணவு. மிகுதியாக உண்டு பெரிதான ஆண்புழு நீண்ட கொம்புகளைப் பெறும். குறைவாக உண்டது கொம்பின்றிப் பெண்வண்டு போலவே தோன்றும். கொம்புடையது சுரங்க வாயிலில் நின்று போரிடுகையில், கொம்பற்றது பக்கவழி தோண்டிப் பெண்ணிடம் சென்றுவிடும்! அதனைத் தோற்ற வண்டு என்று கூற இயலாது. உடன்பிறந்த இரண்டையும் அருகருகே வைத்தால், வேறு வேறு இனங்கள் என்றே புதியவர் கருதுவர்.

2005ஆம் ஆண்டு டக்ளஸ் எம்லென் குழுவினர் 48 சிற்றினங்களின் மரபணுத் தொடர்களை ஒப்பிட்டு, அவற்றின் மரபுவழி மரத்தை வரைந்தனர். அம்மரத்தின் வெவ்வேறு கிளைகளில் கொம்பு பலமுறை தோன்றியும் பலமுறை மறைந்தும் இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. கொம்பு வளரச் செலவிடும் ஊட்டம் அண்டை உறுப்புகளுக்குக் குறைகிறது. தலையின் பின்புறக் கொம்பு பெரிதானால் கண் சிறுக்கிறது; முன்புறக் கொம்பு பெரிதானால் மோப்பமறியும் உணர்கொம்பு சிறுக்கிறது. இரவில் பறக்கும் வண்டுக்குக் கண் சிறுப்பது பேரிழப்பு. ஆகவே, வாழுமிடமும் வாழும் முறையும் மாறுந்தோறும் கொம்பும் மாறியது.

பெயர்களும் இவ்வாறே மாறுகின்றன. மாட்டுச் சாணத்தை மண்ணில் புதைப்பதற்காக 1968இல் ஆஸ்திரேலியாவில் விடப்பட்ட ஆப்பிரிக்க வண்டைப் பழைய நூல்கள் ஆந்தோபேகஸ் கசெல்லா என்று குறிக்கும். இன்று அது டிஜிட்டாந்தோபேகஸ் என்னும் தனிப் பேரினத்தில் வைக்கப்பட்டுள்ளது. நூலகத்தில் இவ்விரு பெயர்களையும் காண நேர்ந்தால், இரண்டும் ஒரே வண்டையே குறிக்கின்றன என்று கொள்க.